ரத்தான உயில் தானாக உயிர் பெறாது

வாசகர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து உயில் தொடர்பாக வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இம்முறை பதில் எழுதுகிறேன். அநேகமாக எல்லாமே, எழுதி முடித்த உயிலை மாற்றுவது, ரத்து செய்வது, மீட்பது பற்றியவை. கூத்தாநல்லூர் வாசகரின் கேள்வியையும், செட்டில்மெண்ட் பற்றிய கும்பகோணத்துக் கேள்வியையும் தவிர மற்றவற்றுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். வெறுமனே ‘பிரிவு’ என்று சொல்லும் இடங்களில் அந்தச் சட்டத்தின் பிரிவையே குறிப்பிடுகிறேன். குடும்ப விவகாரங்கள் என்பதால் கடிதம் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் தகப்பனார் 2009இல் ஓர் உயில் எழுதிப் பதிவு செய்தார். குடியிருக்கும் வீடு என் தம்பிக்கும், ஆற்றுப் பாசன நஞ்சை ஆறு மா எனக்கும் என் அக்காவுக்கும் சேர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். தம்பி வீட்டாருடன் ஏற்பட்ட மனத்தாங்கலில் 2016இல் வேறொரு உயில் எழுதி, பழைய உயிலை ரத்து செய்வதாகவும், சொத்து முழுவதும் பெண்கள் இருவருக்கே என்றும் சொல்லிவிட்டார். 2019இல் தம்பியுடன் சமாதானமாகி, 2016ஆம் ஆண்டு உயிலை ரத்து செய்யும் பத்திரம் ஒன்றை எழுதிப் பதிவு செய்தார். “இரண்டாவது உயில் போய்விட்டதால் முதல் உயில் தானாகவே அமலுக்கு வந்துவிடும்” என்று பத்திர எழுத்தர் அப்போது சொன்னாராம். அப்பா சென்ற தை மாதம் காலமானார். அம்மா இருக்கிறார். சொத்து முழுவதும் அப்பாவின் சுயார்ஜிதம். இப்போது எந்த உயில் செல்லும்?
— ஒரு வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: 2019ஆம் ஆண்டுப் பத்திரத்தில் 2016ஆம் ஆண்டு உயிலை ரத்து செய்கிறேன் என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை என்றால், இரண்டு உயில்களுமே செல்லா. தங்கள் தகப்பனார் உயில் எழுதாமல் காலமானவராகவே கருதப்படுவார்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தப் பத்திர எழுத்தர் சொன்னதையே டெல்டாவில் பாதிப் பேர் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உயிலின்படி சொத்து கைமாறுவது அதை எழுதியவரின் காலத்துக்குப் பிறகுதான் என்பது உண்மை. அதனால் அதிலுள்ள ரத்து வாசகமும் அவர் மறையும் வரை காத்திருக்கும் என்றும், இடையில் இரண்டாவது உயிலை எடுத்துவிட்டால் முதலாவது பழையபடி நிற்கும் என்றும் எண்ணத் தோன்றுகிறது. சட்டம் அப்படி வைக்கவில்லை. பிரிவு 70இன்படி, முந்தைய உயிலை ரத்து செய்வதாகச் சொல்லும் பிந்தைய உயில் முறைப்படி நிறைவேற்றப்பட்டதுமே, அதாவது எழுதியவரும் சாட்சிகளும் கையொப்பமிட்டு முடித்ததுமே, ரத்து நடந்து முடிந்துவிடுகிறது. அவ்வாறு ரத்தான உயிலை மீட்க இரண்டே வழிகளைப் பிரிவு 73 அனுமதிக்கிறது. ஒன்று, அந்தப் பழைய உயிலையே மறுபடி நிறைவேற்றுவது. அதாவது எழுதியவர் அதே தாளில் மீண்டும் கையொப்பமிட்டு, இரண்டு சாட்சிகளும் கையொப்பமிடுவது. மற்றொன்று, பழைய உயிலை மீட்கும் எண்ணம் வெளிப்படும்படி, கோடிசில் எனப்படும் துணை உயில் ஒன்றை அதே முறைப்படி எழுதுவது. ரத்து செய்ததை ரத்து செய்வது இந்த இரண்டில் எதுவும் இல்லை.

ஆகவே தாங்கள் முதலில் செய்ய வேண்டியது, 2019ஆம் ஆண்டுப் பத்திரத்தை வாசகம் வாசகமாகப் படிப்பது. “மேற்படி 2016ஆம் வருடத்திய உயிலை இதன் மூலம் ரத்து செய்கிறேன்” என்பதோடு அது முடிந்திருந்தால் முதல் உயிலுக்கு வழியில்லை. அதன் கீழேயே, “2009ஆம் வருடத்திய உயிலில் கண்டபடியே என் சொத்துகள் என் ஆயுளுக்குப் பின் சேர வேண்டியது” என்பது போல ஒரு வரி இருந்து, இரண்டு சாட்சிகளும் முறையாகக் கையொப்பமிட்டிருந்தால், அந்தப் பத்திரத்தையே மீட்கும் எண்ணம் காட்டும் துணை உயிலாகக் கொள்ளலாம் என்று வலுவாக வாதிட முடியும். பத்திரத்தின் தலைப்பில் ‘உயில் ரத்துப் பத்திரம்’ என்று இருப்பது அதற்குத் தடையாகாது. ஒரு குடும்பத்தின் வீடும் நிலமும் அந்த ஒற்றை வரியில் நிற்கின்றன.

அடுத்து, சாட்சிக் கையொப்பங்களைப் பாருங்கள். ரத்து செய்யும் எழுத்தும் உயிலைப் போலவே நிறைவேற்றப்பட வேண்டும் என்பது பிரிவு 70இன் நிபந்தனை. எழுதியவர் கையொப்பமிடுவதைப் பார்த்தவர்களோ, அது தன் கையொப்பம்தான் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டவர்களோ ஆன குறைந்தது இரண்டு பேர், அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும் என்று பிரிவு 63 சொல்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டியதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘இன்னாரை எனக்குத் தெரியும்’ என்று அடையாளம் காட்டிக் கையொப்பமிடுகிறவர்கள் வேறு, பத்திரத்தின் முடிவில் சாட்சியாகக் கையொப்பமிடுகிறவர்கள் வேறு. பின்னவர்கள் இல்லாமல் முன்னவர்கள் மட்டும் இருந்தால், அவர்கள் பத்திரத்துக்கே சாட்சியாக நிற்கும் எண்ணத்தோடு கையொப்பமிட்டார்களா என்ற சர்ச்சை எழும். முறையான சாட்சிகள் இல்லையென்று முடிவானால் 2019ஆம் ஆண்டு ரத்தே செல்லாது. அப்போது 2016ஆம் ஆண்டு உயில் உயிரோடு இருக்கும். தங்கள் தகப்பனார் எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதுவே நடந்துவிடும்.

இரண்டு உயில்களும் இல்லையென்றானால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயார், அக்கா, தாங்கள், தம்பி ஆகிய நால்வருக்கும் வீட்டிலும் நிலத்திலும் சம பங்கு உண்டு. தகப்பனாரின் தாயார், அதாவது தங்கள் அப்பாயி உயிரோடு இருந்தால் அவருக்கும் அதே அளவு பங்கு சேரும். ஆனால் சட்டம் வகுத்த பங்கோடுதான் நிற்க வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தகப்பனாரின் கடைசி விருப்பம் 2009ஆம் ஆண்டு ஏற்பாடுதான் என்பதில் நால்வருக்கும் ஐயமில்லை என்றால், அதே ஏற்பாட்டைப் பாகப்பிரிவினைப் பத்திரமாகவோ விடுதலைப் பத்திரங்களாகவோ எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். வழக்குக்குப் போகுமுன் இதை யோசித்துப் பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தகப்பனார் சமாதானம் செய்துகொண்டு போயிருக்கிறார். பிள்ளைகள் அதைக் குலைக்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. பழைய உயிலுக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றினால், பழையதை மீட்கும் வேலையில் இறங்காதீர்கள். அதே வாசகங்களோடு புதிய உயில் ஒன்றை எழுதுங்கள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை. ஆகும் செலவு சொற்பம். மீட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2009ஆம் ஆண்டு உயிலில் தென்னந்தோப்பு மருமானுக்கு என்று இருந்ததை 2012இல் துணை உயில் எழுதி நீக்கிவிட்டு, 2016இல் உயில் முழுவதையும் ரத்து செய்து, பிறகு அந்த உயிலை மீட்டால், தோப்பு மருமானுக்குத் திரும்பாது. முன்பே தனியாக நீக்கப்பட்ட பகுதி, அதையும் மீட்கும் எண்ணம் வெளிப்பட்டாலன்றி மீளாது என்று பிரிவு 73இன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. புதிய உயில் எழுதினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கேள்வி: என் மாமனார் தம் உயிலில் மூத்த குமாரருக்கு என்று எழுதியிருந்த மனைக்கட்டை இளைய குமாரருக்கு என்று பேனாவால் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஒளிநகல் இணைத்துள்ளேன். அவர் இப்போது இல்லை. திருத்தம் செல்லுமா?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்றாம் பக்கத்தை நன்றாகப் பார்த்தேன். தட்டச்சு செய்த வரியில் ‘எனது மூத்த குமாரர்’ என்ற சொற்களின் மீது பேனாவால் ஒற்றைக் கோடு இழுத்து, வரிக்கு மேலே உள்ள இடைவெளியில் ‘இளைய குமாரர்’ என்று சிறிய எழுத்தில் எழுதி, இடது ஓரத்தில் கையொப்பமும் தேதியும் இட்டிருக்கிறார். கோட்டுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் படிக்க முடிகிறது. ஓரத்தில் சாட்சிகளின் கையொப்பம் இல்லை.

பிரிவு 71இன்படி, உயில் நிறைவேறிய பிறகு செய்யும் அடித்தல், இடைச்சேர்க்கை, திருத்தம் எதுவும், உயிலைப் போலவே கையொப்பத்தோடும் சாட்சிகளோடும் செய்யப்பட்டாலன்றிச் செல்லாது. திருத்தத்தின் அருகில் ஓரத்திலோ, உயிலின் முடிவில் அந்தத் திருத்தத்தைக் குறிப்பிடும் குறிப்புக்குப் பக்கத்திலோ அவரும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். அவர் மட்டும் இட்டது போதாது. எனவே மனைக்கட்டு மூத்தவருக்கே சேரும். எழுத்தே தெரியாதபடி மையால் முழுக்க அழித்திருந்தால் நிலைமை வேறு; அப்போது அந்த அளவுக்கு அழிப்பு செல்லும். ஆனாலும் மேலே எழுதிய ‘இளைய குமாரர்’ சாட்சியில்லாத எழுத்தாகவே இருக்கும் என்பதால் அவருக்கு அந்த வழியில் ஒன்றும் கிடைக்காது.

மாமனாரின் எண்ணம் என்ன என்பது அந்தக் காகிதத்தில் பட்டப்பகலாகத் தெரிகிறது. இருந்தும் அது நிறைவேறாமல் போகிறதே என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எழுதியவர் திரும்பி வந்து விளக்க முடியாத ஆவணம் என்பதால்தான் சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. சாட்சியில்லாத பேனாத் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினால், பீரோச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் வைத்ததே உயில் என்றாகிவிடும்.

கேள்வி: என் பெரியப்பா தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருந்தபோது, மன்னார்குடி வீட்டிலிருந்த என் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, “அலமாரியில் இருக்கும் உயிலை எரித்துவிடு” என்று சொன்னார். அண்ணனும் எரித்துவிட்டார். அது ரத்தானதாக ஆகுமா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஆகாது. எரித்தோ கிழித்தோ அழித்து ரத்து செய்வதானால், உயில் எழுதியவர் தாமே செய்ய வேண்டும். அல்லது அவர் சொல்படி அவர் முன்னிலையில் வேறொருவர் செய்ய வேண்டும். இரண்டிலும் ரத்து செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். இங்கே சொல் இருந்தது, எண்ணம் இருந்தது, முன்னிலை இல்லை. தொலைபேசியில் குரல் கேட்பது முன்னிலை ஆகாது. பெரியப்பா உயிருடன் இருந்தால் இன்றே இரண்டு சாட்சிகளோடு ஒரு ரத்து எழுத்து எழுதிவிடுங்கள். அவர் காலமாகியிருந்தால், எரிந்துபோன உயிலின் நகலைக் கொண்டு அதை நிரூபிக்க நன்மை பெறுகிறவர்களுக்கு உரிமை உண்டு.

இதோடு சேர்த்து, ஒளிநகலைக் கிழித்துப்போட்டால் போதுமா என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது, மூல உயில் அழிய வேண்டும். கோபத்தில் பாதி கிழித்துவிட்டு, மனைவி தடுத்ததும் நிறுத்தி, துண்டுகளை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்தால், ரத்து செய்யும் செயல் முடிவுபெறவில்லை என்றே கொள்ள இடமுண்டு.

கேள்வி: 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் எங்கள் ஓட்டு வீடு இடிந்து, டிரங்குப் பெட்டியிலிருந்த பத்திரங்களோடு தாத்தாவின் உயிலும் நனைந்து கூழாகிவிட்டது. தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் காலமானார். மறுபடி உயில் எழுதவில்லை. சித்தப்பா, “உயிலே இல்லை, அதனால் எல்லாருக்கும் பங்கு” என்கிறார்.
— ஒரு வாசகர், வேதாரண்யம் வட்டம்

பதில்: நீரும் காற்றும் அழித்ததில் தாத்தாவின் எண்ணம் எதுவும் இல்லை. எண்ணமில்லாத அழிவு ரத்து ஆகாது. உயில் எழுதியவரின் செயலால் அல்லாமல் விபத்தால் அழிந்த உயிலின் நகலோ வரைவோ பாதுகாக்கப்பட்டிருந்தால், அதைக் கொண்டு நீதிமன்றத்தை அணுகலாம் என்று பிரிவு 237 இடம் தருகிறது. உயில் பதிவு செய்யப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பதிவு செய்யப்பட்டிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தில் அதன் நகல் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே அதன் நகலைக் கொடுப்பார்கள். அவர் காலமான பிறகு யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். இறப்புச் சான்றிதழோடு சென்று விண்ணப்பியுங்கள். வில்லங்கச் சான்றில் உயில் வராது என்பதால் அதில் தேடி ஏமாற வேண்டாம்.

சித்தப்பா வேறொரு வாதத்தையும் எடுக்கக்கூடும். அதற்கும் ஆயத்தமாக இருங்கள். கடைசியாக எழுதியவரின் வசமே இருந்த உயில், அவர் மறைந்த பின் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றால், அவரே ரத்து செய்யும் எண்ணத்தோடு அழித்திருப்பார் என்று ஓர் அனுமானம் உண்டு. துர்கா பிரசாத் – தேவி சரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. இந்த அனுமானம் மறுக்கத்தக்கது. நம் நாட்டுக் குடும்பங்களில் ஆவணங்கள் வைக்கப்படும் நிலையில் அது அவ்வளவு வலுவானதும் அல்ல. பெட்டி யாருடைய கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, உயிலின்படி நன்மை பெறுகிறவர்களோடு தாத்தா கடைசி வரை எப்படி இருந்தார், உயில் அழிந்ததை அவர் அறிந்து என்ன சொன்னார் என்பவையெல்லாம் பார்க்கப்படும். உங்கள் வழக்கில் புயலால் வீடு இடிந்ததற்கு வருவாய்த் துறையின் சேதக் கணக்கெடுப்பும் நிவாரணப் பதிவும் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அவற்றின் நகலை எடுத்து வையுங்கள். இப்படி ஒரு காகிதம் அந்த அனுமானத்தை வேரோடு சாய்த்துவிடும்.

கேள்வி: நான் கிறிஸ்தவர். மனைவி மறைந்த பிறகு 2014இல் இரண்டு பிள்ளைகளுக்கும் சொத்தைப் பிரித்து உயில் எழுதிப் பதிவு செய்தேன். 2018இல் மறுமணம் செய்துகொண்டேன். உயில் அப்படியே இருக்கிறதல்லவா?
— ஒரு வாசகர், தரங்கம்பாடி

பதில்: இல்லை. நீங்கள் திருமணம் செய்துகொண்ட அன்றே, பிரிவு 69இன்படி அந்த உயில் ரத்தாகிவிட்டது. பதிவு செய்திருந்தாலும் அதே நிலைதான். நீங்கள் ஏதும் எழுதவோ கிழிக்கவோ வேண்டியதில்லை. திருமணமே ரத்து செய்கிறது. இந்துக்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று பிரிவு 57 வெளிப்படையாக விலக்கு அளித்திருப்பதால், அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது ‘கல்யாணத்தால் உயிலுக்கு ஒன்றும் ஆகாது’ என்ற பதிலே உங்களுக்குக் கிடைத்திருக்கும். அவர்களுக்கு அது சரி. உங்களுக்கு அது சரியில்லை. விவாகரத்தால் உயில் ரத்தாகும் என்று இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணவிலக்குப் பெற்றவர்கள் பழைய உயிலைத் தாமே முறைப்படி மாற்ற வேண்டும்.

இந்த நிலையிலேயே நீங்கள் காலமானால், உயில் எழுதாத கிறிஸ்தவரின் சொத்து என்ற கணக்கில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும். அது உங்கள் விருப்பமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் விருப்பம் எதுவோ அதைப் புதிய உயிலாக இந்த மாதமே எழுதிவிடுங்கள். சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, உயிலில் ஏதேனும் பெறுகிறவரையோ அவருடைய கணவன் அல்லது மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள். வைத்தால் அவருக்கு எழுதியது மட்டும் செல்லாமல் போகும் என்று பிரிவு 67 சொல்கிறது. இந்துக்களுக்கு இந்தப் பிரிவும் பொருந்தாது. ஆனாலும் அவர்களும் இதைப் பின்பற்றுவதே நல்லது.

கேள்வி: பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத உயிலால் ரத்து செய்ய முடியுமா?
— ஒரு வாசகர், குத்தாலம்

பதில்: முடியும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவு செய்வது விருப்பத்தைப் பொறுத்தது. வெள்ளைத்தாளில் எழுதி முறையாகக் கையொப்பமும் சாட்சியும் பெற்ற பிந்தைய உயில், பதிவான முந்தைய உயிலை வெல்லும். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் உயிலை ஒப்படைத்து வைத்தவர்களுக்கும் இதுவே பதில். உறையைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழியுண்டு, ஆனால் திரும்பப் பெற்றதனாலேயே உயில் ரத்தாகாது. ரத்தையும் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், பிற்காலத்தில் யாரும் மறைக்க முடியாது என்பதற்காகப் பதிவு செய்வதை நான் வற்புறுத்துவேன்.

புதிய உயிலில் ‘இதற்கு முன் எழுதிய உயில்கள் யாவும் ரத்து’ என்ற வாசகம் இல்லாவிட்டால், முரண்படும் பகுதிகளில் மட்டும் பிந்தையது நிற்கும். முரண்படாத பகுதிகளில் முந்தையதும் சேர்ந்தே நிற்கும். வலங்கைமான் நிலத்தைப் பற்றி ஓர் உயிலும் கும்பகோணம் வீட்டைப் பற்றி இன்னோர் உயிலும் எழுதியிருந்தால் இரண்டும் செல்லும்.

கேள்வி: உயிலில் எனக்கு எழுதிய ஐந்து மா நிலத்தை அப்பா பிறகு விற்றுவிட்டார். விற்ற பணம் வங்கியில் இருக்கிறது. உயிலை அவர் ரத்து செய்யவில்லை. பணம் எனக்குத்தானே?
— ஒரு வாசகி, திருக்காட்டுப்பள்ளி

பதில்: உயில் ரத்தாகவில்லை, ஆனால் தங்களுக்கு எழுதிய பகுதி பலனற்றுப் போய்விட்டது. குறிப்பிட்ட ஒரு சொத்தை எழுதி வைத்துவிட்டு, எழுதியவர் அதைத் தம் காலத்திலேயே விற்றுவிட்டால், பிரிவு 152இன்படி அந்தக் கொடை அற்றுப்போகும்; விற்ற பணத்தின் மீது அது தொடராது. அப்பா உயிருடன் இருந்தால், ‘மேற்படி நிலத்துக்குப் பதிலாக இன்ன வங்கிக் கணக்கிலுள்ள தொகை’ என்று இரண்டு சாட்சிகளோடு துணை உயில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: என் வாப்பா தம் தோட்டத்தை ஒருவருக்கு வசீயத் செய்வதாக ஜமாஅத் பெரியவர்கள் முன் சொல்லியிருந்தார். பிறகு அதை வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். வசீயத் என்னாகும்?
— ஒரு வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: மேலே சொன்ன பிரிவுகள் முஸ்லிம்களின் உயிலான வசீயத்துக்குப் பொருந்தா. ஷரீஅத் சட்டப்படி வசீயத் வாய்மொழியாகவும் இருக்கலாம். அதைச் செய்தவர் தம் ஆயுள்காலத்தில் சொல்லாலும் செயலாலும் திரும்பப் பெறலாம். கிரயம் செய்தது அப்படிப்பட்ட செயலே. எனவே வசீயத் நீங்கிவிட்டது. அடக்கச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசீயத் செய்ய வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தில் ‘என் ஆயுள் வரை நான் குடியிருந்துகொள்வேன்’ என்று இருக்கிறது. அவன் இப்போது என்னைக் கவனிப்பதில்லை. இந்த உயிலை எப்படி ரத்து செய்வது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, நீங்கள் எழுதியது உயில்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ‘என் ஆயுளுக்குப் பின் அடைய வேண்டியது’ என்று இருந்தால் உயில்; எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ‘இன்று முதல் சகல உரிமைகளும் உனக்குச் சேர்ந்தது, நான் ஆயுள் வரை குடியிருப்பேன்’ என்று இருந்தால் அது செட்டில்மெண்ட். உங்கள் ஆயுள்கால வசிப்பு மட்டுமே உங்களிடம் நிற்கிறது. அதை நீங்கள் தனியாக ஒரு பத்திரம் எழுதி ரத்து செய்ய முடியாது. ஆனால் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்து மகன் அதைச் செய்யத் தவறினால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தை அணுகலாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பத்திரத்தின் நகலைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்; அந்த வாசகம் ஒவ்வொன்றும் முக்கியம்.

கேள்வி: என் தாயாருக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. சில நாள்களில் தெளிவாகப் பேசுகிறார். சில நாள்களில் எங்களையே அடையாளம் தெரிவதில்லை. பழைய உயிலை மாற்ற வேண்டும் என்று தெளிவாக இருக்கும் நாள்களில் அவரே சொல்கிறார். மாற்றலாமா? பின்னால் யாரும் கேள்வி எழுப்பாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், நன்னிலம்

பதில்: மாற்றலாம். ஆனால் மிகுந்த கவனம் வேண்டும். உயில் எழுதும் தகுதி எந்த அளவு மனத்தெளிவைக் கேட்கிறதோ, அதை ரத்து செய்வதற்கும் அதே அளவு தெளிவு வேண்டும் என்பது பிரிவு 62இன் பொருள். மனத்தெளிவு இல்லாத நேரத்தில் அவர் உயிலைக் கிழித்துப் போட்டாலும் அது ரத்தாகாது. இடையிடையே தெளிவு வரும் ஒருவர், அந்தத் தெளிவான வேளையில் உயில் எழுதலாம் என்று பிரிவு 59இன் விளக்கம் அனுமதிக்கிறது. வஞ்சனையாலோ வற்புறுத்தலாலோ எழுத வைத்தது செல்லாது என்று பிரிவு 61 சொல்வதால், யார் முன்னின்று ஏற்பாடு செய்தார்கள் என்பதும் பின்னால் ஆராயப்படும். உயிலைச் சூழ்ந்து ஐயத்துக்குரிய சூழ்நிலைகள் இருந்தால், அவற்றை நீக்கும் பொறுப்பு அந்த உயிலை முன்வைப்பவருடையது என்று வெங்கடாசல அய்யங்கார் – திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959இல் வகுத்த நெறியே இன்றும் நீதிமன்றங்களில் முதலில் எடுத்துக் காட்டப்படுகிறது. நன்மை பெறப்போகிற பிள்ளையே வரைவைத் தயாரித்து, சாட்சிகளை அழைத்து வந்து, அருகில் நின்றுகொண்டிருப்பது அப்படிப்பட்ட சூழ்நிலைகளில் ஒன்று. ஆகவே மாற்றத்தால் தங்களுக்கு நன்மை வருமானால், தாங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

தாயாருக்குத் தொடர்ந்து மருத்துவம் பார்த்து வரும் மருத்துவரை வீட்டுக்கு அழையுங்கள். அவர் தாயாரோடு தனியாகப் பேசி, பிள்ளைகள் யார் யார், சொத்து எங்கெங்கே உள்ளது, எதை எதற்காக மாற்ற விரும்புகிறார் என்று கேட்டறிந்து, மனத்தெளிவோடு இருக்கிறார் என்று அன்றைய தேதியிட்டு எழுதித் தரட்டும். அவரே ஒரு சாட்சியாகவும் கையொப்பமிட்டால் இன்னும் நல்லது. மற்றொரு சாட்சியாக, சொத்தில் எந்தத் தொடர்பும் இல்லாத, வயதில் இளையவர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி, உயிலை நிரூபிக்கும்போது சாட்சிகளில் உயிருடன் இருக்கும் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் தாயாரின் வயதினராக இருந்தால், தேவைப்படும் நாளில் சொல்ல ஆளிருக்காது. வீட்டுக்கே வந்து பதிவு செய்யுமாறு சார்பதிவாளரிடம் விண்ணப்பிக்கவும் வழியுண்டு. உடல்நிலையைக் காட்டும் சான்றோடு மனு கொடுங்கள்.

பழைய உயிலைத் தனியாக ரத்து செய்யும் பத்திரம் எதுவும் எழுதாதீர்கள். அதை ரத்து செய்யும் வாசகமும் புதிய ஏற்பாடும் ஒரே உயிலில் இருக்கட்டும். அப்போது புதிய உயில் ஏதோ குறையால் செல்லாமல் போனாலும், அதிலுள்ள ரத்தும் செல்லாமல் போகும். தாயார் தெளிவாக இருந்த காலத்தில் எழுதிய பழைய உயிலாவது நிற்கும்.